தண்ணீர் தாங்கும் முதுகு

நலவாழ்வுப் பாடம்: இடுப்பு வலிக்கும் சயாட்டிகாவுக்கும் நீரில் செய்யும் எளிய பயிற்சிகள்



புதுக்கோட்டை மாவட்டத்தில் முதுகு வலிக்கென்று தனியாக ஒரு பருவம் கிடையாது. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கங்களில் நடவு தொடங்கினால் அது வயலிலிருந்து வருகிறது. ஆதனக்கோட்டையில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களுக்கு, நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்த உட்காரலிலிருந்து வருகிறது. கல் உடைப்பவர்களுக்குச் சம்மட்டியிலிருந்தும், கரையோரத்து மீனவர்களுக்கு வலை இழுப்பதிலிருந்தும் வருகிறது. கோடையில் குடிநீருக்காக நடக்கும் தாய்மார்களின் இடுப்பிலே 15 லிட்டர் குடம் ஏறி உட்காரும்போது, 15 கிலோ எடை ஒரே பக்கமாக முதுகை வளைக்கிறது.

இவர்கள் எங்களிடம் வந்து சொல்லுவது ஏறக்குறைய ஒரே சொல்தான். “டாக்டரம்மா, குறுக்கு ஒடியுது. இங்கேயிருந்து நரம்பு இழுத்துக் குதிகால் வரைக்கும் வெட்டுது.” அடுத்து வரும் கேள்வியும் அநேகமாக ஒன்றுதான்: “இனிமே அசையாமப் படுத்தே கிடக்கணுமா?”

இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். வலியைவிட, வலிக்குமோ என்ற பயமே பலரையும் முடக்கிப் போடுகிறது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தில் ஒருவர் ஒரு மாதம் படுத்துவிட்டால், அடுப்பு மட்டுமா அணைகிறது? பிள்ளையின் படிப்பும் நிற்கிறது, கடனும் ஏறுகிறது. ஆகவே “எப்படிப் படுப்பது” என்பதைவிட, “எப்படிப் பயமில்லாமல் மறுபடியும் அசைவது” என்பதே நாம் கற்க வேண்டியது. அதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல துணை இருக்கிறது. அது தண்ணீர்.

வலி எங்கே பிறக்கிறது?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல சிறு எலும்புகள் அவை. இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு மெத்தை இருக்கிறது. இதையே டிஸ்க் என்கிறோம். அதன் வெளிச்சுற்று தடித்த நாராலும், உட்பகுதி கூழ் போன்ற பொருளாலும் ஆனது. வெளிச்சுற்று கிழிந்து உள்ளே இருப்பது பிதுங்கும்போது, பக்கத்தில் இறங்கும் நரம்பின் வேரை அது அழுத்துகிறது; அங்கே அழற்சியையும் உண்டாக்குகிறது.

கீழ் முதுகிலிருந்து இறங்கும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்துதான் சயாட்டிக் நரம்பு உருவாகிறது. நம் உடலிலேயே பருமனான நரம்பு இது. பிட்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கி, பாதம் வரைக்கும் கிளை பிரிகிறது. ஆகையால் கோளாறு இடுப்பில் இருந்தாலும் வலி கெண்டைக்காலிலும் பாதத்திலும் தெரிகிறது. இதையே சயாட்டிகா என்கிறோம். “காலில் வாய்வு பிடித்துவிட்டது” என்று பலர் காலுக்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். பிதுங்கிய டிஸ்க் இந்த வலிக்குக் காரணமாகலாம் என்பதை மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1934இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் பரவலாக ஏற்றுக்கொண்டது.

சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், 1960களிலும் 1970களிலும் உயிருள்ள மனிதர்களின் டிஸ்குக்குள் மெல்லிய ஊசி வைத்து அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கும்போது அது சுமார் 25 ஆகக் குறைந்தது. குனிந்து எடை தூக்கும்போது சுமார் 220 ஆக ஏறியது. நாற்று நடும் தாயும், குனிந்து குடம் தூக்கும் மகளும் தங்கள் முதுகின்மேல் எவ்வளவு சுமத்துகிறார்கள் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

படுக்கை மருந்தல்ல

“படுத்தால் 25தானே, அப்படியானால் படுத்தே இருக்கலாமே” என்று கேட்கத் தோன்றும். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படியே நினைத்தார்கள். வாரக்கணக்கில் படுக்கை, காலில் எடை கட்டி இழுத்தல், இடுப்பிலே பெல்ட் என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முதுகு வலிக்காரர்களில் ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கையும் மற்றொரு பிரிவினருக்கு 7 நாள் படுக்கையும் சொன்னார்கள். 7 நாள் படுத்தவர்களுக்குக் கூடுதல் சுகம் எதுவும் கிடைக்கவில்லை. வேலைக்குப் போகாத நாட்கள்தான் கூடின. 1999இல் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சி ஒன்றில் சயாட்டிகா நோயாளிகளிடமே இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு வாரம் படுத்திருந்தார்கள். மற்றப் பிரிவினர் முடிந்த அளவு நடமாடினார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், இரு பிரிவிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள்.

இதிலே இரண்டு நல்ல செய்திகள் உண்டு. ஒன்று, சயாட்டிகா பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அறுவை சிகிச்சையின்றியே தணிகிறது. மற்றொன்று, அதற்காகப் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. வலி மிகக் கடுமையாக இருக்கும் முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு எடுக்கலாம். அதற்குமேல் படுத்தால் முதுகைத் தாங்கும் தசைகள் மெலிகின்றன; பயம் வளர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும் எடை கட்டி இழுப்பதையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

ஆனால் தரையில் ஓர் அடி எடுத்து வைத்தாலே காலில் மின்னல் வெட்டுகிறவரிடம் “உடற்பயிற்சி செய்யுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டால் போதுமா? போதாது. அவருக்கு ஒரு படிக்கட்டு வேண்டும். அந்தப் படிக்கட்டுதான் தண்ணீர்.

தண்ணீர் செய்யும் நான்கு உதவிகள்

முதலாவது, அது தாங்குகிறது. கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை இலேசாக வருகிறது. மேலே வந்தவுடன் கனக்கிறது. நம் உடலும் அப்படித்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இடுப்பளவு நீரில் நின்றால் கால்களின்மேல் சுமார் பாதி எடைதான் இறங்கும். மார்பளவு நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6 கிலோ.

இரண்டாவது, அது தடுக்கிறது. நீருக்குள் கையையும் காலையும் வேகமாக வீச முடியாது. வேகமாகத் தள்ளினால் அதிகமாகத் தடுக்கும். மெதுவாகத் தள்ளினால் குறைவாகத் தடுக்கும். ஆகவே திடீர் அசைவால் முதுகு சுளுக்கிக்கொள்ளும் ஆபத்து குறைகிறது. எடைக்கல் இல்லாமலே தசைக்கு வேலையும் கிடைக்கிறது.

மூன்றாவது, அது எல்லாப் பக்கத்திலிருந்தும் மெதுவாக அழுத்துகிறது. தள்ளாடுகிறவரைச் சுற்றிலும் கை கொடுத்துப் பிடிப்பது போன்றது இது. விழுந்தாலும் அடிபடாது என்ற தைரியம் வருகிறது.

நான்காவது, வெதுவெதுப்பான நீர் இறுகிப்போன தசையைத் தளர்த்துகிறது. சிகிச்சைக்கென்று கட்டிய குளங்களில் நீரைச் சுமார் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருப்பார்கள்.

சீனாவில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 113 பேரிடம் நடந்த ஓர் ஆராய்ச்சி 2022இல் வெளியானது. ஒரு பிரிவினர் வாரம் இரண்டு முறை, மூன்று மாதம் நீரில் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் மின்தூண்டல், வெப்பச் சிகிச்சை முதலியவற்றை எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டு கழித்தும் நீரில் பயிற்சி செய்தவர்களே அன்றாட வேலைகளை அதிகம் செய்ய முடிந்தவர்களாக இருந்தார்கள்.

இங்கே உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். தண்ணீர் பிதுங்கிய டிஸ்கை உள்ளே தள்ளிவிடாது. தரையில் ஒழுங்காகச் செய்யும் பயிற்சியைவிட நீர்ப்பயிற்சி எல்லாருக்கும் மேலானது என்றும் சொல்ல முடியாது. சயாட்டிகாவுக்கென்றே நடந்த நீர்ப்பயிற்சி ஆராய்ச்சிகளும் குறைவு. தரையில் அசைய முடியாதவரை அசைய வைப்பதே தண்ணீரின் சிறப்பு.

நீரை நாடியவர்கள்

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921இல் நோயினால் கால்கள் செயலிழந்தவர். ஜார்ஜியா மாநிலத்தின் வாம் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்றுக்கு 1924இல் போனார். தரையில் நிற்க முடியாத தம்மால் அந்த நீரில் நிற்க முடிவதைக் கண்டார். அவர் கால்கள் முழுவதும் குணமாகவில்லை. ஆனாலும் அந்த இடத்தையே விலைக்கு வாங்கி, தம்மைப் போன்றவர்களுக்கு மறுவாழ்வு நிலையமாக்கினார். அவருக்காக 1933இல் வெள்ளை மாளிகையில் ஒரு நீச்சல் குளம் கட்டப்பட்டது. பிற்காலத்தில் கடும் முதுகு வலியால் துன்பப்பட்ட ஜனாதிபதி ஜான் கென்னடி அதே குளத்தில் நீந்தி வலியைத் தணித்துக்கொண்டார்.

நம் தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸை நினைக்கிறோம். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர் அவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறைக்குப் பொறுப்பேற்று நடத்தினார். அவர் நீர்ப்பயிற்சிக்காக அறியப்பட்டவர் அல்ல. ஆனாலும் மறுவாழ்வு மருத்துவம் கேட்கும் கேள்வியை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. “வலி போய்விட்டதா?” என்று மட்டும் அது கேட்பதில்லை. “இவர் மறுபடியும் எதைச் செய்ய முடியும்?” என்றும் கேட்கிறது. முதுகு வலிக்காரரிடமும் நாம் அதையே கேட்க வேண்டும்.

முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

எல்லா முதுகு வலியும் ஒன்றல்ல. கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது. சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது. உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது. இரண்டு கால்களும் பலவீனமாவது. இவை அவசர அறிகுறிகள். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று ஓர் இரவுகூடத் தள்ளிப்போடக் கூடாது.

பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு தானாகக் கழன்று போவதும் உடனே காட்ட வேண்டியதே.

மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, படுத்தாலும் தணியாத முதுகு வலி. இவை முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவதல்ல. இதை இடுப்புப் பிடிப்பு என்று நினைத்துத் தடவிக்கொண்டும் பயிற்சி செய்துகொண்டும் இருந்தால், எலும்பு நொறுங்கிக் கால்கள் செயலிழந்து போகலாம். காலத்தோடு கண்டுபிடித்தால் மருந்தால் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசம்.

மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த பின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் முதுகு வலி ஆகியவற்றையும் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும்.

வலிப்பு நோய், இருதய நோய், ஆறாத புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீரில் இறங்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் கான்வாஸ் காலணி போட்டுக்கொண்டே இறங்க வேண்டும். ஏறியபின் பாதத்தைத் துடைத்து, காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்தத் தண்ணீர்?

நம் மாவட்டத்தில் கண்மாய்களும் குளங்களும் 5,000க்கும் மேல் உண்டு. இருந்தாலும் எல்லா நீரும் பயிற்சிக்கு ஏற்றதல்ல.

குடிநீர் ஊரணியில் கால் வைக்கவே கூடாது. நம் முன்னோர் காத்துவந்த ஒழுங்கு அது. இன்றும் காக்கப்பட வேண்டியது.

கண்மாயில் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பியிருக்கும்போது நீர் கலங்கி, ஆழம் தெரியாது. மண் அள்ளிய பள்ளங்கள் அடியிலே மறைந்திருக்கும். இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்குமேல் ஆழத்தில் இறங்கிவிடலாம். ஆகவே கண்மாயைப் பயிற்சிக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. படித்துறை உள்ள குளிக்கும் குளமாக இருந்து, அடித்தளமும் ஆழமும் நன்றாகத் தெரிந்திருந்து, நீரும் சுத்தமாக இருந்தால் பயன்படுத்தலாம்.

கிராமத்தில் எளிதாகக் கிடைப்பது பம்புசெட் தொட்டி. ஆழம் கண்ணுக்குத் தெரியும். பிடித்துக்கொள்ளச் சுவர் உண்டு. ஆழ்குழாய் நீர் விடியற்காலையிலும் வெதுவெதுப்பாகவே வரும். ஆனால் நான்கு எச்சரிக்கைகள்: மோட்டாரை நிறுத்தி, மின்கம்பி எதுவும் நீரருகே இல்லை என்று பார்த்த பிறகே இறங்குங்கள். அடியிலும் சுவரிலும் உள்ள பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். உரமோ பூச்சிமருந்தோ கலக்கும் தொட்டி கூடவே கூடாது. சுவரேறிக் குதிக்காதீர்கள்; உள்ளேயும் வெளியேயும் கற்களை அசையாதபடி அடுக்கிப் படி அமைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் நீச்சல் குளத்துக்குப் போக வசதியுள்ளவர்கள் ஆழமில்லாத பகுதியைப் பயன்படுத்தலாம். எங்கேயானாலும் தலைகீழாகப் பாய்வது வேண்டாம். ஆழமற்ற நீரில் பாய்ந்து கழுத்தெலும்பை முறித்துக்கொண்டவர்களின் துன்பம் முதுகு வலியோடு ஒப்பிடக் கூடியதல்ல.

பயிற்சிகள்

நீச்சல் தெரிய வேண்டியதில்லை. தனியாக இறங்கக் கூடாது. கரையிலோ நீரிலோ ஒரு துணை கட்டாயம். புடவை நீரில் காலைச் சுற்றிக்கொள்ளும் என்பதால், பெண்கள் சுடிதார் போன்ற உடை அணிவது நல்லது. நீர் மட்டம் இடுப்புக்கும் மார்புக்கும் இடையில் இருக்கட்டும்.

1. நடை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முன்னோக்கி நடங்கள். பிறகு பின்னோக்கி, பிறகு பக்கவாட்டில். குதிகால் முதலில் ஊன்ற, முதுகு நிமிர்ந்திருக்க, 3 முதல் 5 நிமிடம். தொட்டி சிறியதாக இருந்தால் நின்ற இடத்திலேயே நடக்கலாம். முதல் வாரம் இது மட்டுமே போதும்.

2. முழங்கால் தூக்கல். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று ஒவ்வொரு முழங்காலாக மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். இடுப்பு உயரத்துக்குமேல் வேண்டாம். காலுக்கு 10 முறை.

3. கால் வீச்சு. ஒரு கையால் சுவரைப் பிடித்து, காலை நீட்டியபடி முன்னும் பின்னும் சிறிதளவு, பின்பு வெளிப்பக்கமாகச் சிறிதளவு நகர்த்துங்கள். இடுப்பு ஆடக் கூடாது. கால் மட்டுமே ஆட வேண்டும். பக்கத்துக்கு 10 முறை.

4. குதிகால் உயர்த்தல், பாதி உட்காரல். இரண்டு குதிகால்களையும் உயர்த்தி இறக்குங்கள், 10 முறை. பிறகு சுவரில் முதுகு சாய, நாற்காலியில் உட்காரப் போவதுபோல் கால் பங்கு இறங்கி எழுங்கள், 10 முறை. நாற்று முடியையோ குடத்தையோ முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கும் பழக்கம் இதிலிருந்துதான் வருகிறது.

5. தண்ணீர் தள்ளல். கால்களை அகட்டி நின்று, அடிவயிற்றை இலேசாக உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைகளால் நீரை முன்னே தள்ளி, பின்னே இழுங்கள். உடம்பு அசையாமல் நிற்க வேண்டும். 10 முறை. மூச்சை அடக்காதீர்கள்.

6. தொங்கல். இது கடைசியில். மார்பளவு நீரில், இரண்டு அக்குள்களுக்கும் கீழே மூடி இறுகிய காலி பிளாஸ்டிக் கேன்களோ டியூபோ வைத்துக்கொண்டு, துணை நிற்பவர் தோளைப் பிடித்திருக்க, முழங்கால்களை மெல்ல மடக்கிப் பாதங்களைத் தரையிலிருந்து எடுங்கள். ஒரு நிமிடம் முதுகு தானாக நீளட்டும். ஒரு காலத்தில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் நீந்தப் பழகிய ஊர்கள் நம்முடையவை, இது புதிதல்ல.

முதலில் 10 நிமிடம். வாரத்துக்கு வாரம் கூட்டி 30 நிமிடம் வரை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

வலி சொல்லும் செய்தி

நியூசிலாந்தின் பிசியோதெரபி நிபுணர் ராபின் மெக்கன்சி 1950களில் ஒன்றைக் கவனித்தார். காலில் உள்ள வலி மேல்நோக்கிச் சுருங்கி இடுப்புக்கு வருமானால் அது நல்ல அடையாளம். இடுப்பிலே வலி சற்றுக் கூடினாலும் பயப்பட வேண்டாம். மாறாக, இடுப்பு வலி கீழ்நோக்கிக் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் இறங்குமானால், அந்த அசைவு உங்களுக்கு ஆகாது, நிறுத்திவிடுங்கள்.

பயிற்சிக்குப் பிறகு தசை வலி ஒரு நாள் இருப்பது இயல்பு. கால் வலி மறுநாளும் கூடுதலாகவே இருந்தால், அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். மரத்துப்போகும் இடம் பெரிதானாலோ கால் பலவீனமானாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள்.

கரையேறிய பின்

நீரிலிருந்து ஏறும்போது, குறைந்திருந்த எடை முழுவதும் திரும்ப வருகிறது. அவசரமாக ஏறினால் தலை சுற்றலாம், இடுப்பு பிடிக்கலாம். படியில் ஒரு நிமிடம் நின்று, பிறகு ஏறுங்கள். துடைத்துக்கொண்டு உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். ஏறியவுடன் குடம் தூக்க வேண்டாம்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். நம் மாவட்டத்தில் பங்குனி, சித்திரையில் குளங்கள் வற்றிவிடும். தண்ணீரையே நம்பியிருக்கும் முதுகு அப்போது என்ன செய்யும்? ஆகவே நீரில் தைரியம் வந்தவுடன் தரையிலும் நடக்கத் தொடங்க வேண்டும். 2024இல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்றில், இடுப்பு வலியிலிருந்து தேறிய 701 பேர் பங்குபெற்றார்கள். வழிகாட்டுதலோடு படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுத்தரமாக 208 நாள் ஆயிற்று. செய்யாதவர்களுக்கு 112 நாள். நடைக்குக் குளமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

பிடித்துக்கொள்ளும் கை

1990களின் தொடக்கத்தில் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். “பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?” என்று கேட்ட தெருக்களில் அவர்கள் ஓட்டிப் போனார்கள். சைக்கிள் கற்றவர் எவருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. பின்னாலே கேரியரை யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருப்பார். எந்த இடத்தில் அவர் கையை விட்டார் என்பது நமக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கும்போது நாமே ஓட்டிக்கொண்டிருப்போம்.

முதுகு வலிக்காரருக்குத் தண்ணீர் அந்தக் கை. அது நோயைக் கழுவிவிடுவதில்லை. பயம் தெளிகிறவரை கேரியரைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு விட்டுவிட வேண்டியதுதான்.

ஆனாலும் தண்ணீர் மட்டும் போதாது. யோவான் சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தில் பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகளாக வியாதியாய்க் கிடந்த மனிதனை அறிவோம். குளம் அவனுக்கு எதிரிலேயேதான் இருந்தது. அதில் தன்னை இறக்கிவிட ஒருவரும் இல்லை என்பதே அவன் முறையீடு. நம் ஊர்களிலும் தொட்டி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. காலையில் அரை மணி நேரம் வேலையை ஒதுக்கி வைத்து, “வாங்க அத்தை, நான் கூட நிற்கிறேன்” என்று சொல்லும் ஒரு மருமகளோ, அண்டை வீட்டுக்காரரோ, மகனோ அநேகமாக இல்லை. குடும்பத்தில் குடத்தை இன்னொருவர் சில வாரம் சுமக்கவும் வேண்டும். அது நடக்காமல் எந்தப் பயிற்சியும் நிலைக்காது.

இந்தப் பாடத்தை வாசிக்கிற நீங்கள் நல்ல முதுகுள்ளவராக இருந்தால், இதை மடித்து வைத்துவிடாமல், வலியோடு முடங்கியிருக்கும் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் மருத்துவரைப் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள். பிறகு அவரோடு படித்துறை வரைக்கும் போங்கள்.

சிந்திக்கவும் கலந்து பேசவும்

1. உங்கள் வீட்டில் அதிக எடை தூக்குகிறவர் யார்? அதைப் பங்கிட முடியுமா?

2. காலைத் தூக்க முடியாமை, சிறுநீர் அடைப்பு, மாலைக் காய்ச்சல் ஆகியவை ஏன் சாதாரண இடுப்பு வலியின் அறிகுறிகள் அல்ல?

3. வலி மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு எப்படி விளக்குவீர்கள்?

4. உங்கள் ஊரில் பாதுகாப்பான, ஆழம் தெரிந்த நீர்நிலை எது? அங்கே பெண்கள் கூச்சமின்றிப் பயிற்சி செய்ய ஒரு நேரம் ஒதுக்க முடியுமா?